மூங்கிலேரி கூட்டுரோட்டில் பிரெஞ்சுச் சாப்பாடு

மூங்கிலேரி கூட்டுரோட்டில் தனபாக்கியம் நடத்தும் சாப்பாட்டுக் கடை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அங்கே சாப்பிட்டிருப்பீர்கள். கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போகிற பஸ் மத்தியான வெயிலில் எங்கோ ஓர் இடத்தில் நிற்கும். "பத்து நிமிஷந்தான், சாப்பிடறவங்க சாப்பிட்டு வாங்க" என்று கண்டக்டர் கத்துவார். நீங்கள் பாதித் தூக்கத்தில் இறங்கி, இலையில் விழுந்ததை விழுங்கி, ஹார்ன் சத்தம் கேட்டதும் ஈரக் கையோடு ஓடி ஏறியிருப்பீர்கள். அந்தக் கடைதான்.

இப்படிப்பட்ட கடைக்கு உயிர் சமையலில் இல்லை, பஸ்ஸில் இருக்கிறது. பஸ் எங்கே நிற்க வேண்டும் என்பது டிரைவர் கையில் இருக்கிறது. அந்தச் சாலையில் ஆரோக்கியசாமி என்ற டிரைவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கேதான் மற்ற எல்லா டிரைவர்களும் நிறுத்துவார்கள். அதனால் அவருக்கென்று உள்ளே ஒரு தனி அறை, மின்விசிறி, வறுத்த மீன், கேட்காமலே வரும் இரண்டாவது ஆம்லெட். போன வருஷம் சாலைக்கு எதிர்ப்புறம் சீரியல் விளக்கெல்லாம் போட்டு ஒரு புதுக் கடை வந்தது. ஆரோக்கியசாமி ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதற்கே தனபாக்கியத்துக்குத் தூக்கம் போய்விட்டது. புருஷன் செத்த பிறகு அந்தக் கடையை வைத்துத்தான் அவள் மகளைப் படிக்க வைத்தாள், கட்டிக் கொடுத்தாள். அது போனால் அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

அப்படிப்பட்ட கடையை அவள் ஒரு மாசத்துக்குத் தன் தம்பிகளிடம் ஒப்படைத்தாள். திருவாரூரில் இருந்த மகளுக்கு இரண்டாவது பிரசவம். படுக்கையை விட்டு அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போகாமல் இருக்க முடியுமா? தம்பிகள் மூன்று பேர். மூத்தவன் சிகாமணி, கல்லாவில் உட்காருவான். நடுவன் பக்கிரி, பரிமாறுவான். கடைசித் தம்பி தொப்ளான், இலை போடுவான், தண்ணீர் வைப்பான். மாஸ்டர் ஏகாம்பரம் தம்பி இல்லை, சமையல்காரர். ஆனாலும் மூளை விஷயத்தில் அவரும் அந்தக் குடும்பத்தோடு சேர்த்தி.

இந்த நாலு பேரும் சொன்னதைச் செய்வார்கள். அதுதான் அவர்களிடம் இருந்த ஒரே வியாதி. ஒருமுறை தனபாக்கியம் "அடுப்பைப் பாத்துக்க" என்று ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனாள். பால் பொங்கி, அடுப்பு அணைந்து, சமையல்கட்டே வெள்ளமாகிவிட்டது. ஏகாம்பரம் கண் இமைக்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களை நம்பிக் கடையை விட்டாளே என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

அவள் ஊருக்குப் போன அந்த வாரமே வினை கார் ஏறி வந்தது. புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கார் ஒன்று கடை வாசலில் பஞ்சராகி நின்றது. உள்ளே இருந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரிய மனிதர். மகன் பிரான்சில் இருக்கிறானாம். இவர் போய் மூன்று மாசம் தங்கிவிட்டு வந்தாராம். இந்த மூன்று மாச ஆசாமிகளைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, சொன்னால் அடிக்க வருவார்கள். டயர் மாற்றுகிற வரை சும்மா இருக்க முடியாமல் அவர் கடைக்குள் வந்தார். பஸ் பயணிகள் சாப்பிடுவதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஏம்பா, நீங்க சாப்பாடு போடறீங்களா, லாரியில லோடு ஏத்தறீங்களா?" என்று சிகாமணியிடம் கேட்டார்.

"சாப்பாடுதாங்க. லோடு எதிர்த்தாப்புல ஏத்துவாங்க," என்றான் சிகாமணி.

"பிரான்ஸ்ல வந்து பாரு. மத்தியானச் சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் உக்காருவான். எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிப் பிசைய மாட்டான். ஒண்ணு வரும், அத முடிப்பான். அப்புறந்தான் அடுத்தது வரும். முதல்ல கண்ணால சாப்பிடுவான். ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியக் கீழ வெச்சிடுவான். வயிறு நிறையறதுக்கு முன்னாடியே எழுந்துடுவான். உக்காந்தவன எழுந்திருன்னு எவனும் சொல்ல முடியாது, அவன் முடிக்கிற வரைக்கும் அந்த மேசை அவனோடது. அதனாலதான் அவனுக்குத் தொப்பை கிடையாது. நம்மள மாதிரி அள்ளிப் போட்டுக்கினு ஓடினா அது சாப்பாடா?"

இவ்வளவும் சொல்லிக்கொண்டே அவர் நின்றபடி இரண்டு பரோட்டாவைச் சால்னாவில் முக்கி உள்ளே தள்ளினார். டயர் மாட்டியாயிற்று என்று டிரைவர் கூப்பிட்டதும் வாயைத் துடைக்காமல் ஓடினார். அதை நாலு பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்கள் கேட்பார்கள், பார்க்க மாட்டார்கள்.

மறுநாள் ஏதோ பந்த், பஸ் ஓடவில்லை. இந்தப் பிரெஞ்சு முறை நமக்கு ஒத்து வருமா என்று முதலில் நாமே பார்த்துவிடுவோம் என்று சிகாமணி முடிவு செய்தான். நாலு பேரும் வாசல் கதவைச் சாத்திவிட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். நாலு இலையில் சோறு வைத்தார்கள். ஆவி பறந்தது.

"முதல்ல கண்ணால சாப்பிடணும்," என்றான் சிகாமணி.

எல்லோரும் சோற்றை முறைத்துப் பார்த்தார்கள். ஈ வந்து உட்கார்ந்தது. ஈயையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஆவி நின்றது.

"போதுமா?" என்றார் ஏகாம்பரம்.

"எனக்கு எடது கண்ணு நெறஞ்சிடுச்சி. வலதுல இன்னும் கொஞ்சம் எடம் இருக்குது," என்றான் தொப்ளான்.

அவன் வலது கண் நிறைகிற வரை காத்திருந்தார்கள். கடைக்குட்டி, பட்டினி போட முடியுமா? பிறகு ஆளுக்கு ஒரு வாய் எடுத்தார்கள். அங்கே அடுத்த சிக்கல் வந்தது.

"கரண்டியக் கீழ வெக்கணுமே," என்றான் பக்கிரி. "நம்ம கையாலதான சாப்பிடறோம்?"

"அப்ப கையக் கீழ வை."

"வெச்சேன். ஆனா கை இன்னும் என்கிட்டதான் இருக்குது. கரண்டிய வெச்சா கரண்டி நம்மள வுட்டுப் போயிடும். கை எங்க போவுது?"

சிகாமணி நெடுநேரம் யோசித்தான். அவன் யோசிக்கும்போது நெற்றி சுருங்கும், பார்க்கிறவர்களுக்கு மரியாதை வரும்.

"நம்ம கைய நம்மளே வெச்சிக்கினு இருக்கறதாலதான் இந்தப் பிரச்சினை," என்றான் கடைசியில். "பக்கத்துல இருக்கறவன்கிட்ட குடுத்துடணும். அடுத்த வாய் வேணும்னா கேட்டு வாங்கிக்கணும்."

அதன்படி நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து, ஒருவனுடைய எச்சில் வலது கையை அடுத்தவன் இடது கையால் பிடித்துக்கொண்டான். "அண்ணே, என் கையக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்பதும், "இப்பதானேடா வாங்கின, அதுக்குள்ளயா?" என்று கண்டிப்பதுமாகச் சாப்பாடு நடந்தது. ஏகாம்பரம் ஒரு தடவை தன் கையைக் கேட்டு வாங்கி மூக்கைச் சொறிந்துகொண்டார். சாப்பிடத்தான் கை தருவது, சொறிவதற்கு இல்லை என்று அதற்கு ஒரு பஞ்சாயத்து நடந்தது.

வயிறு நிறைவதற்கு முன்னாடி எழுந்திருக்க வேண்டும் என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"எப்ப நெறயும்னு தெரிஞ்சாத்தான் அதுக்கு முன்னாடி எதுன்னு தெரியும்," என்றான் பக்கிரி.

"நெறயற வரைக்கும் ஒரு தபா சாப்பிட்டுப் பாத்துடலாம். எடம் தெரிஞ்சிடும். அப்புறம் மறுபடியும் மொதல்லேருந்து உக்காந்து, அந்த எடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி எழுந்துக்கலாம்," என்றான் தொப்ளான்.

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. இரண்டு தடவை சாப்பிட்டார்கள். சாயங்காலம் விளக்கு ஏற்றுகிற நேரத்தில் நாலு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்க முடிந்தது.

"இது அன்றாட வாழ்க்கைக்கு ஒத்து வருமாண்ணே?" என்று பக்கிரி சந்தேகத்தோடு கேட்டான்.

"ஒத்து வராமையா?" என்றான் சிகாமணி. "காலையில உக்காந்தோம், பொழுது சாஞ்சிடுச்சி. ஒரு நாளைக்கு ஒரு சாப்பாடு சரியாப் பொருந்திடுச்சி பாரு. ஒரு இஞ்ச்கூட மிச்சம் இல்ல. இதுக்கு மேல இன்னா பொருத்தம் வேணும்?"

ஏகாம்பரம் மட்டும் ஏப்பத்துக்கு நடுவில் ஒரு கேள்வி கேட்டார். "நமக்கு ஒத்து வருது. பஸ்ஸுல வர்றவங்களுக்கு?"

"அது அவங்க சொல்லணும், நாம சொல்லக் கூடாது," என்றான் சிகாமணி. இத்தனை கூத்திலும் அவன் பேசிய ஒரே உருப்படியான வார்த்தை அது. அதையும் அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் ஆரோக்கியசாமியின் பஸ் வந்து நின்றது. ஜனங்கள் இறங்கி ஓடி வந்து இடம் பிடித்தார்கள். தொப்ளான் இலை போட்டான். இலையில் முதலில் வைப்பது உப்பு. பக்கிரி எல்லா இலையிலும் வரிசையாக உப்பு வைத்துக்கொண்டு போனான். வைத்து முடித்ததும் சுவர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஜனங்கள் காத்திருந்தார்கள். மேசையைத் தட்டினார்கள்.

"சோறு எங்கப்பா?" என்றார் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருவர்.

"வரும் சார். மொதல்ல அத முடிங்க," என்றான் பக்கிரி.

"எத?"

"உப்ப."

அவர் இலையைப் பார்த்தார், பக்கிரியைப் பார்த்தார். "உப்ப எப்பிடிய்யா முடிக்கறது?"

"பொறுமையா சார். ஒண்ணும் அவசரம் இல்ல. ஒவ்வொரு வாய்க்கும் கையக் கீழ வெச்சிடுங்க. வேணும்னா நான் புடிச்சிக்கறேன்."

அதற்குள் நாலாவது வரிசையில் சத்தம் வந்துவிட்டது. ஒரு அம்மா பிள்ளைக்குச் சோறு கேட்டுக் கத்தினாள். சிகாமணி கல்லாவில் இருந்தபடியே கையை உயர்த்தி, "எல்லாருக்கும் உண்டு. உப்பு, அப்புறம் ஊறுகா, அப்புறம் பொரியல், கூட்டு, சோறு, கொழம்பு, ரசம், மோர். வரிசையா வரும்," என்று அறிவித்தான். "கொழம்பு இல்லாம சோத்த எப்பிடித் தின்றது?" என்று ஒருவர் கேட்டார். "சோத்த முடிச்சாத்தான சார் கொழம்பு?" என்றான் சிகாமணி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

பசி தாங்காத ஒரே ஒருவர், வெள்ளைச் சட்டை போட்ட தடித்த மனிதர், உப்பை அள்ளி வாயில் போட்டு விழுங்கிவிட்டார். பக்கிரி ஓடிப் போய் அவருக்கு ஊறுகாய் வைத்தான். அந்த நேரத்தில் ஹார்ன் அடித்தது. மொத்தக் கூட்டமும் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிவிட்டு ஓடிப் போய் பஸ்ஸில் ஏறியது.

உள்ளறையில் ஆரோக்கியசாமிக்கும் உப்புதான் வைத்திருந்தார்கள். அவர் கத்துகிற ரகம் இல்லை.

"சிகாமணி, எனக்கு பிரஷர். டாக்டர் உப்பே கூடாதுன்னுட்டாரு," என்றார்.

சிகாமணிக்கு முகம் வாடிவிட்டது. "அய்யய்யோ. அப்ப நீங்க மொதல் ஐட்டத்துலயே நின்னுட்டீங்களேண்ணே. அத முடிக்காம அடுத்ததுக்குப் போவ முடியாதே. மீன் வேற இன்னிக்கு நல்லா இருக்குது."

"மீன் இருக்குதா?"

"இருக்குது. ஆனா அது வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆவும்."

ஆரோக்கியசாமி எழுந்து கையைக் கழுவினார். கை அழுக்காகவே இல்லை, பழக்கத்தில் கழுவினார். வெளியே வந்து சாலைக்கு எதிர்ப்புறத்துக் கடையை நிதானமாக ஒரு பார்வை பார்த்தார். பஸ்ஸை எடுத்தார்.

கூட்டம் போன பிறகு தொப்ளான் வாளியோடு இலை எடுக்க வந்தான். முதல் இலையில் கை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணே, ஒரு இலைகூட மடிக்கலியே."

நம் ஊரில் சாப்பிட்டு முடித்தவர் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்திருப்பார். மடிக்காத இலை முன்னால் ஆள் இருந்தால் அவர் இன்னும் சாப்பிடுகிறார் என்று அர்த்தம், அந்த இலையில் கை வைப்பது அவமரியாதை. இது மூன்று தம்பிகளுக்கும் தெரிந்த ஒரே மரியாதை. இலை முன்னால் ஆள் இல்லை என்பது அவர்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

"மடிக்கலன்னா முடிக்கல," என்றான் சிகாமணி. "முடிக்கற வரைக்கும் அந்த மேச அவங்களோடதுன்னு பெரியவரு சொன்னாரே. ரெண்டு மணி நேரம் ஆவும் இல்ல, நடுவுல சும்மா காத்தாட எங்கயாவது போயிருப்பாங்க. ஒருத்தர் இலையிலயும் கைய வெக்காத."

தொப்ளான் வாளியைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தான். அரை மணி கழித்து அடுத்த பஸ் வந்தது. ஜனங்கள் இறங்கி வாசலுக்கு வந்தார்கள். தொப்ளான் இரண்டு கையையும் விரித்து மறித்தான்.

"எடம் இல்லீங்க. எல்லாம் ஆள் உக்காந்திருக்குது."

ஒரு நடுத்தர வயதுக்காரர் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "உள்ள ஒரு ஈ காக்கா இல்லியேப்பா."

"எல்லாரும் சாப்பிட்டுக்கினு இருக்காங்க."

"யாரு?"

"உப்புல இருக்காங்க," என்றான் தொப்ளான் தணிந்த குரலில், சாப்பிடுகிறவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று.

இப்படி ஒரு பஸ் அல்ல, அந்தச் சாலையில் ஓடிய எல்லா பஸ்ஸையும் அவர்கள் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். கடலூர்ப் பக்கத்துத் துணி ஏஜென்ட் ஒருவர், தினமும் அந்த வழியாகப் போய் வருகிறவர், முதல் நாள் பட்டினி போனதை மன்னித்து மறுநாளும் வந்தார். அவரை மட்டும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள். அவருடைய பழைய இலைக்கு முன்னால் உட்கார வைத்து, "நேத்து வெச்ச உப்பு அப்பிடியே இருக்குது பாருங்க சார், நாங்க தொடல" என்று பெருமையோடு காட்டினார்கள். அதன் பிறகு அவர் பஸ்ஸில் வருவதையே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார் என்று கேள்வி.

வாரம் முடிவதற்குள் எல்லா பஸ்ஸும் எதிர்க்கடையில் நின்றது. இந்தப் பக்கத்துக் கடையில் வரிசையாக இலைகள் காய்ந்து சுருண்டு கிடந்தன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உப்பு. நாலு பேரும் காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து, கூட்டு, பொரியல் எல்லாம் செய்து வைத்து, சுவர் ஓரமாக நின்றார்கள். சாயங்காலம் அவற்றைக் கொட்டினார்கள். ஏகாம்பரத்துக்கு மட்டும் ஒரு வருத்தம். "பிரெஞ்சுக்காரன் ரெண்டு மணி நேரம்னான். நம்மாளு நாள் கணக்கா உக்காந்திருக்கான். நம்ம ஜனத்துக்கு எதையும் அளவாச் செய்யத் தெரியாது," என்றார்.

பேரன் பிறந்த சந்தோஷத்தோடு தனபாக்கியம் ஊர் திரும்பினாள். ஆரோக்கியசாமியின் பஸ்ஸில்தான் வந்தாள். தன் கடை வாசலில் இறங்கப் பையை எடுத்துக்கொண்டு தயாராக நின்றவளை பஸ் சாலையின் அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கியது. சாலையைக் கடந்து வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். வழி நெடுகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தவள். ஒரு நாற்காலியை இழுத்து உட்காரப் போனாள்.

"அக்கா, அது ஜன்னலோரத்து ஆளோட எடம்," என்று பக்கிரி பதறினான்.

நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர்கள் ஒளிக்கவில்லை, பெருமையாகவே சொன்னார்கள். தனபாக்கியம் அழவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மறுபடியும் சாலையைக் கடந்து போனாள். எதிர்க்கடையில் மீன் தின்றுகொண்டிருந்த ஆரோக்கியசாமி முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, நாளைக்கு ஒரே ஒரு நாள் நம்ம கடையில நிறுத்திப் பாருங்க. சரியா இல்லன்னா நான் கடையயே மூடிடறேன்."

ஆரோக்கியசாமி முள்ளை ஒதுக்கினார். "உனக்காக ஒரு நாள் நிறுத்தறேன்மா. பசியோட எறங்கற ஜனம் பசியோட ஏறினா, அதுக்கப்புறம் என்ன யாரும் கேக்கக் கூடாது."

அவளுக்கு அதுவே போதும். சமையல்கட்டில் ஒரு வெங்காயம்கூட உருப்படியாக இல்லை. காய்கறி, மீன், எண்ணெய் எல்லாம் புதிதாக வாங்கிக்கொண்டு மறுநாள்தான் திரும்ப முடியும். பண்ருட்டிக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் தம்பிகளைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு நான் வரும்போது ஒரு இலைகூட மடிக்காம இருக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுதுக்கா," என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

இலை மடிப்பதற்குக்கூடவா புத்தி வேண்டும் என்று அவள் நினைத்தாள். இத்தனை வருஷம் அவர்களோடு குப்பை கொட்டிய பிறகும் அப்படி நினைத்தாள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

அவள் போனதும் நாலு பேரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"சாப்பிட்டவந்தான் இலைய மடிக்கணும். நம்ம மடிச்சா அது அடுத்தவன் சாப்பாட்டப் புடுங்கற மாதிரி," என்றான் பக்கிரி.

"அக்கா மடிக்கணும்னு சொல்லிடுச்சே."

"அப்ப அவங்களுக்குப் பதிலா நம்ம உக்காந்து, மிச்சம் இருக்கற எல்லாத்தையும் மொறையா முடிச்சிட்டு மடிச்சிடலாம்," என்றான் சிகாமணி. "அவங்களுக்கும் திருப்தி, அக்காவுக்கும் திருப்தி."

ஏகாம்பரம் இருந்த அரிசி பருப்பைப் போட்டு அடுப்பு மூட்டினார். நாலு பேரும் நாலு காய்ந்த இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்து உப்பிலிருந்து ஆரம்பித்தார்கள். கண்ணால் பார்த்தார்கள், கையைக் கொடுத்து வாங்கினார்கள். ஓர் இலையை மடித்ததும் அடுத்த இலைக்கு நகர்ந்தார்கள். வாயெல்லாம் உப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். விடிந்தது, வெயில் ஏறியது, அவர்கள் நிறுத்தவில்லை.

மறுநாள் மத்தியானம் தனபாக்கியம் ஆட்டோவில் சாமான்களோடு வந்து இறங்கினாள். பின்வாசல் வழியாகச் சமையல்கட்டுக்குள் போய், கூட வந்த இரண்டு பெண்களோடு சமைத்தாள். கூடத்தை எட்டிப் பார்க்கக்கூட நேரம் இல்லை. சோறு வடித்து, குழம்பு இறக்கி, மீனை வறுத்து முடிக்கவும் ஆரோக்கியசாமியின் பஸ் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஜனங்கள் இறங்கி வந்தார்கள். வாசலில் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே நாலு பேரும் வயிறு முட்ட, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, இரண்டாவது வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். சிகாமணி பக்கிரியிடமிருந்து தன் கையைக் கேட்டு வாங்கி, ஜனங்களோடு வாசலில் நின்ற டிரைவரைப் பார்த்துக் கும்பிட்டான்.

"வாங்கண்ணே. கொஞ்சம் அப்பிடி நில்லுங்க. இந்த வரிசைதான் பாதி பாக்கி, அப்புறம் ரெண்டே வரிசை."

ஆரோக்கியசாமி ஹார்ன் அடிக்கத் திரும்பினார். தனபாக்கியம் குழம்பு வாளியைத் தரையில் வைத்தாள். முதல் மேசைக்குப் போனாள். முழங்கையை மேசையோடு சேர்த்து வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அந்த வரிசை இலைகள் மொத்தமும் கீழே விழுந்தன. அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. தம்பிகள் உட்கார்ந்திருந்த இடத்தில் இலையோடு சேர்த்துத் தொப்ளானும் கீழே போனான். பிறகு அவளே பச்சை இலை போட்டாள். சோறு, குழம்பு, பொரியல், அப்பளம் எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தன. ஜனங்கள் பிசைந்து அள்ளினார்கள். கண்டக்டர் சொன்ன பத்து நிமிஷத்தில் பாதிப்பேர் மோருக்கே வந்துவிட்டார்கள். உள்ளறையில் ஆரோக்கியசாமி இரண்டாவது ஆம்லெட்டை முடித்துவிட்டு, "நாளைக்கும் வரேம்மா" என்றார். தனபாக்கியம் சுவரில் சாய்ந்து அப்போதுதான் மூச்சு விட்டாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

பஸ் கிளம்பிப் போன பிறகுதான் தம்பிகளைக் காணோம் என்று அவள் கவனித்தாள். கீழே தள்ளிய காய்ந்த இலைகளையும் காணோம். அடுப்படியில் இருந்த ரச வாளியும் இல்லை.

நாலு பேரும் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் கூடை, கூடையில் அள்ளிப் போட்ட இலைகள், காலுக்கு நடுவில் ரச வாளி.

"எங்கய்யா போவணும்?" என்று கண்டக்டர் கேட்டார்.

"சாப்பாட்ட பாதியில வுட்டுட்டுப் போனவங்க ஊருக்கெல்லாம்," என்றான் சிகாமணி. "இலைய அவங்க கையில குடுத்து, மிச்சத்தப் போட்டு, மடிச்சி வாங்கிக்கினு வந்துடுவோம்."

கண்டக்டர் அவர்களைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். சரியான கூட்டம். சிகாமணி ஒரு சிமென்ட் பெஞ்சு மேல் ஏறி நின்று, கூடையிலிருந்து ஒரு காய்ந்த இலையை ஒட்டியிருந்த உப்பு சிந்தாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தான்.

"ஜன்னலோரம், நாலாவது வரிசை, மூணாவது இலை. யாருதுங்க?"

போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் ஒதுங்கிப் போனார்கள். அவன் சளைக்காமல் மறுபடியும் கூப்பிட்டான். டீக்கடைப் பக்கத்திலிருந்து, அன்றைக்குச் சோறு எங்கே என்று கேட்ட ஜன்னலோரத்து ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இலையை வாங்கித் தன் முன்னால் விரித்து நீவிவிட்டார். வலது கையைப் பக்கத்தில் நின்ற தொப்ளானிடம் நீட்டினார்.

"இந்தாப்பா, இதக் கொஞ்சம் புடி," என்றார். "ஏன் இவ்வளவு நேரம்?"